எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பொட்டு

ஐந்தேகாலுக்கு அலாரம் அடிப்பதற்கு முன்பே ருக்மிணி எழுந்துவிடுவாள். தூங்கி எழுகிறவளின் முகம் அல்ல அது. இரவு முழுக்க யாருக்காகவோ காது கொடுத்துக்கொண்டே படுத்திருந்தவளின் முகம். கணவருக்கு முகம் துடைத்து, துணி மாற்றி, புண் வராமலிருக்க முதுகில் பவுடர் தடவி, இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டி, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்க வைத்து, கீழ்வீட்டு மராத்திக்காரி ஷிந்தே வஹினியிடம், அதாவது ஷிந்தே அண்ணியிடம், சாவியைக் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் பழைய சாங்வி பஸ் நிறுத்தத்துக்கு ஓட வேண்டும். பாஷாணில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அவள் ஸ்டெனோ. பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. 2007ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு, அவளுக்கு உட்காரக் கிடைத்த ஒரே இடமும் அந்த நாற்காலிதான்.

கணவர் சூர்யநாராயணன் போசரியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மன். ஐம்பத்து மூன்று வயது. குழந்தைகள் இல்லை. 1994இல் அலுவலகச் சலுகையில் இருவரும் லட்சத்தீவு போனார்கள். அடிப்பாகம் கண்ணாடியாலான படகில் ஏறியதும் அந்த மனிதர் முட்டிபோட்டுக் குனிந்தவர், படகோட்டி தோளைத் தட்டும்வரை நிமிரவேயில்லை. "ருக்கு, நம்ம காலுக்கு அடியில இவ்வளவு இருக்குடி" என்று அவர் சொன்னபோது குரல் நடுங்கியது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் தன்னைப் பார்த்து அந்தக் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை என்று ருக்மிணிக்கு அன்று ஒரு சின்ன வலி எடுத்தது. பெண்களின் மனதில் இப்படிச் சின்ன வலிகளுக்கென்று ஒரு தனி அறை உண்டு. அதைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் அவர்கள் சமையலறைக்குப் போகிறார்கள்.

அன்றிலிருந்து அவருக்குக் கடலுக்கடியில் படம் எடுக்கிற பைத்தியம். புத்தகங்கள் வாங்கினார். ஓய்வு பெற்றதும் கற்றுக்கொள்வேன் என்றவர், பொறுக்க முடியாமல் முன்னதாகவே முக்குளிப்பு வகுப்பில் பெயர் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவும், அதைத் தண்ணீர் புகாமல் உள்ளே வைத்து மூடுகிற கனமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடும் வரவழைத்தார். அட்டைப்பெட்டி ஜனவரி கடைசியில் வந்தது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் குளியலறையில் சரிந்தார். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு குழறியது. பெட்டி அலமாரியின் மேலேயே தங்கிவிட்டது.

ஜூலை மாதம், பிசியோதெரபி செய்ய வருகிற பெண் குடையை விரித்தபடி வாசலில் நின்று இந்தியில் சொன்னாள்: "ஆன்ட்டி, நான் ஒருத்தி தள்ளி என்ன ஆகும்? அவர் மனசு வைக்கணும். இந்த வருஷத்துக்குள்ள எழுந்தாத்தான் உண்டு. விட்டா அந்தக் கால் நடையையே மறந்துடும்."

கதவைச் சாத்திவிட்டு ருக்மிணி உள்ளே வந்தாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு மழையில நனைஞ்சுண்டு வரா. ரெண்டு அடி எடுத்து வச்சாத்தான் என்ன?"

"விழுந்துடுவேன்."

"நான் பிடிச்சுக்கறேன்."

"நீயா?" அவர் மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினார். "கடக்வாஸ்லா அணையில... முழங்கால் தண்ணில... இறங்க மாட்டே. கரையில நின்னு சோளம் திம்பே. பயத்தைப் பத்தி... எனக்குச் சொல்ல வந்துட்டா."

"என் பயத்தையும் உங்க காலையும் ஒண்ணா வைக்காதேங்கோ."

"ஒண்ணுதான். நீ தண்ணிக்குள்ள போய்க் காட்டு. நான் நடந்து காட்டறேன்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் கோபமும் களைப்பும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறும்போது ஒரு பெண் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. ருக்மிணி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, அவர் கட்டிலின் மேல் வைத்தாள்.

"சரி. உங்க பேர்ல இருக்கற வகுப்புக்கு நான் போறேன். ஒவ்வொரு பாடம் முடிச்சுட்டு வரச்சேயும் நீங்க ஒண்ணு பண்ணணும். மொதல் பாடத்துக்குக் கட்டில்லேருந்து காலைக் கீழே விட்டு உட்காரணும். ரெண்டாவதுக்கு நிக்கணும். கடல்ல, இந்தக் கேமரால, உசிரோட இருக்கற ஒண்ணை நான் படம் எடுத்துண்டு வந்தேன்னா, மாடிப்படி இறங்கி கேட் வரைக்கும் நடக்கணும்."

இரண்டு மாடி. முப்பத்து நான்கு படிகள். லிஃப்ட் கிடையாது.

"நீ மொதல் நாளே... திரும்பி வந்துடுவே" என்றார் அவர்.

* * *

டெக்கன் பக்கத்து நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு நடந்தது. கற்றுக்கொடுத்தவர் இருதயராஜ். தூத்துக்குடிக்காரர், கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். சூர்யநாராயணன் வருவார் என்று எதிர்பார்த்த இடத்தில், கையில் டிபன் டப்பாவோடு நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண்ணைப் பார்த்து அவர் தலையைச் சொறிந்தார்.

"நீச்சல் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"சுத்தம். அப்போ அங்கேருந்தே ஆரம்பிப்போம். வேற ஏதாச்சும் சீக்கு உண்டா?"

"அலுப்புதான். வேற ஒண்ணும் இல்லை."

"அதுக்குத் தண்ணி நல்லதுதான்" என்றார் இருதயராஜ்.

நல்லதாக இருக்கவில்லை. மற்ற மாணவர்கள் கராடியில் வேலை பார்க்கும் மென்பொருள் பிள்ளைகள். அவர்கள் டால்பின் போலக் குதித்தார்கள். ருக்மிணி குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் காலை உதைத்தாள். காற்று அடைத்த இரும்பு உருளையை முதுகில் மாட்டியபோது நின்ற இடத்திலேயே மண்டியிட்டாள். தாலியை ரப்பர் உடைக்குள் பத்திரப்படுத்துவதே ஒரு போராட்டமாக இருந்தது. வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு முதன்முதலாகத் தலையை அமிழ்த்தியபோது, தன் மூச்சின் சத்தத்தைத் தானே கேட்டு, அது கணவரின் இரவு மூச்சு போலவே இருக்கிறதென்று பயந்து எழுந்துவிட்டாள்.

"மூச்சைப் பிடிக்கக் கூடாதுக்கா. எது வேணாலும் பண்ணுங்க, அதை மட்டும் பண்ணாதீங்க. விட்டுக்கிட்டே இருக்கணும்."

ஏழு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டே வாழ்கிறவளிடம் அவர் அதைச் சொன்னார்.

தண்ணீருக்கடியில் அவர் விரலை வளைத்து, எல்லாம் சரியா என்று கேட்பார். இவள் கட்டை விரலை உயர்த்தி, நன்றாக இருக்கிறேன் என்பாள். உடனே அவர் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிடுவார். மூன்று முறை இப்படி நடந்தது.

"ஏன் மேலே இழுத்துண்டே வரேள்? நான்தான் நன்னா இருக்கேன்னு காட்டறேனே!"

"கட்டை விரலைத் தூக்கினா மேலே போகணும்னு அர்த்தம்க்கா. இதை முதல் நாளே சொன்னேன். எங்கன கவனம் இருந்துச்சு உங்களுக்கு?"

கவனம் சாங்வியில் இருந்தது. பதினோரு மணி மாத்திரையை வஹினி கொடுத்திருப்பாளா என்பதில் இருந்தது.

வீட்டில் ஒப்பந்தம் நடந்தது. அதை ஒப்பந்தம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்பு என்று சொல்லிவிட முடியாது. முதல் பாடத்துக்கு அவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மூன்று நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது. இரண்டாவதற்கு நின்றார். தலை முழுக அமிழ்ந்து இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு அவள் வந்த அன்று, நான்கு கால் நடைவண்டியைப் பிடித்து இரண்டு அடி வைத்தார். முகத்தில் சந்தோஷமில்லை. கடன் தீர்ப்பவர் போல வைத்தார். "என்ன பாடம் இன்னிக்கு?" என்று மட்டும் கேட்பார். அவள் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஈரத்தலையோடு அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போது, தான் படிக்க வேண்டிய பாடத்தைத் தன் மனைவி படித்துவிட்டு வந்து ரசம் வைக்கிற அந்த விசித்திரத்தை அவர் எப்படித் தாங்கினாரோ, தெரியாது.

செப்டம்பர் கடைசியில் கேமராவைக் குளத்துக்குள் கொண்டுபோனாள். இருதயராஜ் கூட்டைத் திறந்து, மூடியைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் வளையத்தைக் காட்டினார்.

"இந்த வளையந்தான் காவக்காரன். இதுல ஒரு தலைமுடி கெடந்தாலும் தண்ணி உள்ள பூந்துரும். ஒவ்வொரு வாட்டி மூடும்போதும் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி பக்கத்துல வச்சுப் பாக்கணும். அப்புறம், மீனைத் தொரத்தாதீங்க. தொரத்தினா அது திரும்பிக்கிடும். புதுசா வாறவங்க எல்லாரும் வாலைத்தான் படம் எடுப்பாங்க."

அன்று அவள் எடுத்ததெல்லாம் குளத்தின் நீல டைல்கள், இருதயராஜின் முழங்கால், யாரோ தவறவிட்ட ஒரு சீப்பு. வீட்டில் அவர் அவற்றைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார். சீப்பு படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"கை நடுங்கியிருக்கு."

"நடுங்காம என்ன பண்ணும்?"

"இன்னும் கிட்ட போ" என்றார். எட்டு மாதத்தில் அவர் ஆசையோடு சொன்ன முதல் வார்த்தைகள் அவை. ருக்மிணி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

* * *

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் வண்டிகளுக்குச் சாமந்தி மாலை ஏறியது. ருக்மிணி கூடத்தில் பலகை போட்டு மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அவருடைய வரைபடக் கருவிகள், தன் சுருக்கெழுத்து நோட்டு எல்லாவற்றையும் அடுக்கினாள். அவருடைய நடைவண்டிக்கும் நான்கு கால்களிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கேமராவைத் தனியாக, கூட்டைத் தனியாகத் திறந்து வைத்தாள். அந்தக் கூட்டுக்கு அதுதான் முதல் பூஜை. மனசு நிறைய, விரல் நிறையச் சந்தனம் எடுத்து நான்கு பக்கமும் தீற்றினாள். மூடியின் கொண்டிப் பக்கம் கொஞ்சம் வழிந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த அவர் வாயைத் திறந்தார்.

"என்னன்னா? ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைத்தாள்.

தீபாவளி கழிந்து, நவம்பர் நான்காம் வாரம், இருதயராஜ் மாணவர்களை வேனில் ஏற்றி மால்வண் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வஹினி மூன்று நாளும் கூடவே இருப்பதாகச் சொல்லிவிட்டாள். புறப்படும்போது ருக்மிணி அவர் தலைமாட்டில் நின்றாள். ஊருக்குப் போகிற மகிழ்ச்சி அவளுக்கில்லை. அத்தனை நாள் களைப்பும் கால்களில் இறங்கியிருந்தது. திரும்பி வரும்போது இந்த மனிதர் நடப்பார், அல்லது இனி எப்போதும் நடக்க மாட்டார். இரண்டில் ஒன்று அவள் கையிலிருந்த பையில் இருந்தது.

"போயிட்டு வரேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

* * *

சனிக்கிழமை கேமரா இல்லாமல் இறங்கிப் பழகினார்கள். ஞாயிறு காலை படகில் உட்கார்ந்து ருக்மிணி கூட்டை மூடினாள். வளையத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடி கரையில் அறையிலேயே இருந்தது. கண்ணருகே கொண்டுவரக் கொண்டுவர எல்லாம் மங்கியது. விரலால் ஒருமுறை வழித்துவிட்டுக் கொண்டியைப் போட்டாள்.

முகமூடியை மாட்டும்போது அதன் விளிம்பு நெற்றிப் பொட்டைப் பிய்த்தது. சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அதைக் கடலில் போட மனம் வரவில்லை. வெறும் நெற்றியோடு தண்ணீரில் இறங்குவது அவளுக்கு என்னவோ செய்தது. கூட்டின் மேற்புறத்தில், தன் கண்ணுக்கு எதிரே இருக்கும்படி அந்தப் பொட்டை அழுத்தி ஒட்டினாள். என் பார்வையில் நீங்கள் இருங்கள் என்று சொல்லிக்கொண்டாள்.

இறங்கினாள்.

மூன்று மீட்டர். காது அடைத்தது; மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்தது. ஐந்து மீட்டர். பச்சையாகக் கலங்கிய தண்ணீர். இருதயராஜின் கை அவள் தோளில் இருந்தது. எட்டு மீட்டரில் தரை வந்தது. பாறை இடுக்கில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட மீன்கள், நாலைந்து, ஊர் வம்பு பேசுகிற பெண்கள் மாதிரி கூடி நின்றன. ருக்மிணி கேமராவை நீட்டினாள். கிட்ட போ என்ற குரல் காதில் கேட்டது. போனாள். அவை திரும்பின. அழுத்தினாள். இன்னொன்று. இன்னொன்று.

நான்காவது முறை அழுத்தியபோது திரை அணைந்தது.

என்னவென்று பார்க்கக் கூட்டை முகத்தருகே கொண்டுவந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

பொட்டு கறுத்திருந்தது.

சிவப்பு இல்லை. துளிச் சிவப்பு கூட இல்லை. கரி வைத்தது போல, அவள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய அந்தப் பொட்டு கறுப்பாக அவளைப் பார்த்தது.

ருக்மிணிக்கு உலகம் நின்றுவிட்டது. போய்விட்டார். இந்த நிமிஷம், சாங்வியில், அந்தக் கட்டிலில், நான் இல்லாத நேரத்தில் போய்விட்டார். கத்தினாள். குழாய்க்குள் கத்தல் வெறும் குமிழிகளாக மேலே போயிற்று. கண்ணீர் வந்தது. முகமூடிக்குள் அதைத் துடைக்க வழியில்லை. கட்டை விரலை உயர்த்தினாள். மேலே, மேலே, மேலே. கால்களை அடித்துக்கொண்டு அவள் எகிற, இருதயராஜ் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, மூச்சை விடு, விடு என்று கையால் காட்டிக் காட்டி, மெதுவாக, அவள் வாழ்க்கையிலேயே மிக நீண்ட இரண்டு நிமிஷங்களில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

"என்னக்கா? எங்கேயும் வலிக்கா? காதா?"

"அவர் போயிட்டார். பொட்டு கறுத்துப் போச்சு. ஃபோன் குடுங்கோ. அவர் போயிட்டார்..."

இருதயராஜ் அவள் மணிக்கட்டில் தொங்கிய கேமராவைத் தூக்கிப் பார்த்தார். வெயிலில் பொட்டு ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது.

"அடக் கடவுளே. அக்கா, தண்ணிக்குள்ள முதல்ல காணாமப் போற கலர் செவப்புதான். ஆழத்துல ரத்தமே கறுப்பாத்தான் தெரியும். நாலாவது பாடத்துல இருக்கே, படிக்கலியா?"

நாலாவது பாடத்தைப் படிக்க வேண்டிய வாரம் கணவருக்கு வயிற்றுப்போக்கு. பஸ்ஸிலும் புத்தகம் மடியில் மூடியே கிடந்தது.

"ஃபோன் குடுங்கோ" என்றாள் திரும்பவும்.

படகில் சிக்னல் இல்லை. கரைக்கு வந்து டீக்கடைத் தொலைபேசியில் எண்களை அழுத்தும்போது விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. வஹினி எடுத்தாள்.

"அஹோ, பரே ஆஹேத் தே! நன்றாகத்தான் இருக்கிறார். டிவி பார்க்கிறார். ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டார்" என்று மராத்தியும் இந்தியுமாகச் சொல்லி, ரிசீவரை அவர் காதில் வைத்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்க ருக்மிணி தன் ஆயுளில் பாதியைக் கொடுத்திருப்பாள். மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லை. சாப்பிட்டேளான்னு கேட்கத்தான்."

"படம் எடுத்தியா?"

அவள் மடியிலிருந்த கூட்டைப் பார்த்தாள். உள்ளே பாதிவரை கடல் தண்ணீர். சின்ன மீன் தொட்டி போலிருந்தது. கேமரா அதில் மூழ்கிக் கிடந்தது.

"கேமராக்குள்ள தண்ணி போயிடுத்து."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஏமாற்றம் என்று ருக்மிணி நினைத்தாள்.

* * *

திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். வஹினி சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். ருக்மிணி கூட்டை அப்படியே எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்கோ. படம் இல்லை. நீங்கதான் ஜெயிச்சேள். படுத்துண்டே இருங்கோ."

காபி போடவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, ஊரிலிருந்து வந்து அடுப்படிக்குப் போகாமல், கூடத்துத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

"ருக்கு."

"இப்ப வேண்டாம்."

"ருக்கு, கேளு." அவர் இடது கையால் கொண்டியைத் திறந்திருந்தார். ரப்பர் வளையத்துக்கு அடியிலிருந்து நகத்தால் எதையோ நெம்பி எடுத்து நீட்டினார். காய்ந்த சந்தனம். கடுகில் பாதி. "ஆயுத பூஜை அன்னிக்கு... இந்த இடுக்குல வழிஞ்சுது. நான் பார்த்தேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"துடைச்சாலும் போகாதுன்னு தெரியும். தண்ணி உள்ள போகும்னு... தெரியும். சொல்லலை."

"ஏன்?"

விரல் நுனியிலிருந்த சந்தனத்தைப் பார்த்தபடியே சொன்னார். "படம் வந்துட்டா... மாடிப்படி இறங்கணுமே."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓய்ந்தார்கள்.

"அந்தக் கூட்டுல என் பொட்டை ஒட்டியிருந்தேன்" என்றாள் ருக்மிணி. குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "எட்டு மீட்டர் கீழே அது கறுத்துப் போச்சு. நீங்க போயிட்டேள்னு நினைச்சேன். வாயில குழாயை வச்சுண்டு, அழக்கூட முடியாம, செத்தேன். அப்படி ஒருத்தருக்காக நான் அங்கே செத்துண்டிருக்கேன். நீங்க இங்கே, கேமரா கெட்டுப் போகட்டும்னு காத்துண்டிருந்திருக்கேள்."

"சிவப்பு போயிடும்னு தெரியும். நீ பொட்டை ஒட்டுவேன்னு... தெரியாது, ருக்கு."

"ஒன்பது மாசமா உங்க துணியை அலசறேன். அதுல நான் களைச்சுப் போகலை. இதுல களைச்சுப் போயிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், ஜூலை மாதத்தில் அவர் படுத்த மாதிரியே. தூக்கம் அவளைக் கல்லைப்போலக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டியிருந்தது. கட்டில் காலி. நடைவண்டி வாசற்கதவருகே தனியாக நின்றது. கதவு திறந்திருந்தது.

ருக்மிணி ஓடினாள். படிக்கட்டின் திருப்பத்தில், லுங்கியெல்லாம் தூசியாக, சுவரில் இடது தோளைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கியிருக்கிறார்.

"என்ன பண்றேள்? விழுந்திருந்தா?"

"பதினொண்ணு" என்றார் மூச்சிரைத்தபடி. சட்டைப் பையைக் காட்டினார். காகிதத்தில் மடித்த கேமராவின் நினைவட்டை. "நல்ல தண்ணில கழுவினேன். காய வச்சேன். கேட்டுக்கு எதிர்த்தாப்பல... கம்ப்யூட்டர் கடை இருக்கே. சில சமயம் இது பிழைச்சுக்கும். புஸ்தகத்துல இருக்கு."

"என்கிட்ட சொன்னா நான் கொண்டு போக மாட்டேனா?"

"நீதான் எல்லாத்தையும் கொண்டு போறே" என்றார். கண் கலங்கியது. "படம் வந்திருக்கோ இல்லையோ. பேச்சு பேச்சுதான். கேட் வரைக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. மன்னிப்பதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் பக்கத்தில், அதே படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்து இறங்கினதெல்லாம் சேராது. நடக்கணும்னுதான் பேச்சு."

"சரி. மேலே போய்... திரும்ப ஆரம்பிக்கட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. "வேண்டாம். போனதெல்லாம் போகட்டும். இனிமே நின்னுண்டு இறங்குங்கோ. ஒரு பத்து நிமிஷம் இருங்கோ, எனக்கு இப்ப முடியலை."

"இரு. நான் எங்கேயும் போகலை."

அவர்களுக்கு வாங்கிய சாமானோடு மாடிப்படி ஏறி வந்த ஷிந்தே வஹினி இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி, விழுந்தால் பிடிக்கிற தோரணையில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள்.

"படம் ஏதாவது வந்திருக்குமா?" என்று கேட்டார் அவர்.

"வந்தா வால்தான் வந்திருக்கும்."

"வாலும்... உசிரோட இருக்கறதுதானே."

ருக்மிணி எழுந்தாள். ஒரு படி கீழே இறங்கி முதுகைக் காட்டி நின்றாள். அவர் இடது கை அவள் தோளைக் கனமாகப் பற்றியது. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அவர் எழுந்து நிற்க வெகுநேரம் பிடித்தது. அந்தக் கனம் முழுவதும் அவள் தோளில் இறங்கியது. அவள் மூச்சை விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள்.

வலது கால் காற்றில் தயங்கி, மெல்ல இறங்கிப் படியைத் தொட்டது.

"பன்னிரண்டு" என்றார் சூர்யநாராயணன்.